சிறைக்காவலர்க்கு விதி எதற்கு?

தமிழ்ச் சிறுகதைகளிலும் மேடை நாடகங்களிலும் தலைகாட்டும் சிறைக்காவலர் பெரும்பாலும் இரண்டே வகையினர். ஒருவர் மீசையை முறுக்கித் தடியைச் சுழற்றும் கொடியவர். மற்றவர் நள்ளிரவில் எவரும் அறியாமல் கைதியின் கடிதத்தை வெளியே கொண்டு சேர்க்கும் கருணையாளர். முன்னவரை வெறுக்கவும் பின்னவரைத் தொழவும் வாசகர் பழகிப்போய்விட்டார். இவ்விருவரையும் தவிர மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். காலையில் தலைகளை எண்ணுபவர். சாவிகளைக் கணக்கிட்டு வாங்கிக் கணக்கிட்டு ஒப்படைப்பவர். பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்ப்பவர். நடந்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்புபவர். இவரைப் பற்றிக் கதை எழுதுவார் இல்லை. தப்பித்தவறி எழுதினாலும், "விதியைக் கட்டி அழுபவர்" என்னும் ஏளனத்தோடுதான் எழுதுகின்றனர்.

அந்த ஏளனம் தவறானது. தவறானது மட்டுமன்று, உயிர்களைக் குடிக்கவல்லது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறைத்துறையில் தமிழர் பலர் தலைமுறைகளாகப் பணியாற்றி வந்துள்ளனர். தமிழ்ப் பள்ளியிலும் தமிழ் வகுப்பிலும் இன்று அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர் நாளை அந்தச் சீருடையை அணியக்கூடும். அவர்கள் எந்தக் கதையை நெஞ்சில் சுமந்துகொண்டு உள்ளே போகிறார்கள் என்பது அற்பமான கேள்வி அன்று.

மற்றப் பணிகளில் விதி என்பது வசதிக்காக ஏற்பட்டது. அஞ்சலகத்தில் ஓர் எழுத்தர் விதியைச் சற்றே தளர்த்தினால் வரிசை விரைவாக நகரும். பள்ளியில் ஆசிரியர் தளர்த்தினால் ஏழை மாணவன் ஒருவனுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் கேடு விளைவது அரிது. சிறைக்கதவின் நிலைமை வேறு. அங்கே ஒரு மனிதனின் சோறு, தண்ணீர், உறக்கம், மருந்து, மனைவியின் கடிதம், தாயின் வருகை அனைத்தும் இன்னொரு மனிதனின் கையில் இருக்கின்றன. அந்த இன்னொருவன் மாதச் சம்பளக்காரன். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கலாம். இரவுப்பணி முடித்து இரண்டு மணி நேரமே உறங்கியிருக்கலாம். முதல்நாள் அதே கைதியிடம் வசை வாங்கியிருக்கலாம். அவன் நல்லவனாக இருக்கும் நாள்களை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த இயலுமா? அவன் நல்லவனாக இல்லாத நாளுக்காகவே விதி எழுதப்பட்டது.

புதிதாகச் சேரும் காவலர்க்குப் பயிற்சிக் கல்லூரியில் ஒரு பாடமும், பணியிடத்தில் வேறொரு பாடமும் கிடைப்பதுண்டு. "புத்தகத்தைப் பார்த்தால் வேலை நடக்காது, தம்பி" என்று மூத்தவர் ஒருவர் தோளில் தட்டிச் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்பிலிருந்துதான் சரிவு தொடங்குகிறது. முதலில் ஒரு சிகரெட்டு. தணிக்கைக்குப் போகாமல் ஒரு கடிதம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று வெளியிலிருந்து ஒரு வாய்ச்செய்தி. இவற்றில் எதுவும் பணத்துக்காகச் செய்யப்படுவதன்று, இரக்கத்தால் செய்யப்படுவது. ஆயினும் முதல் கடிதத்தைக் கொடுத்த கணமே அந்தக் காவலர் கைதிக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். இரண்டாம் முறை மறுத்தால், முதல் முறை செய்தது மேலதிகாரியின் காதுக்கு எட்டும் என்பதை இருவருமே அறிவர். மூன்றாம் முறை கைமாறுவது கடிதமாக இராது. கதையில் தெய்வமாக நிற்கும் கருணையாளரின் பின்கதை, பல வேளைகளில், பணிநீக்க ஆணையிலோ நீதிமன்றக் கூண்டிலோ முடிகிறது. கதாசிரியர் அதற்கு முன்பே பேனாவை மூடிவிடுகிறார்.

சோதனை செய்வதும் அவ்வாறே. நாள்தோறும் அதே அறையை, அதே மனிதனை, அதே பாயை உதறிப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலை. இரு தரப்புக்கும் கூச்சம் தருவதுமாகும். ஆனால் கோலாலம்பூர்ப் புடு சிறையில் 1986 அக்டோபர் 17 அன்று கைதிகள் அறுவர், சிறையின் மருந்தகத்தில் மருத்துவரையும் ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவரையும் கூர்மையான ஆயுதங்களைக் காட்டிப் பிணையாளராகப் பிடித்துக்கொண்டனர். ஆறாம் நாளில் உயிர்ச்சேதமின்றி அது முடிவுக்கு வந்தது நற்பேறு. அவ்வாயுதங்களுள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள், எவரோ ஒருவரின் கண்ணுக்குத் தப்பியிருக்க வேண்டும்.

இவை சிறியவை. விதியைவிட மனிதரே பெரிது என்னும் கொள்கை எவ்வளவு பெரிய விலையைக் கேட்கும் என்பதற்குச் சிங்கப்பூர் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அதனைப் புலாவ் செனாங் என்பர். செனாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சுகம், எளிமை என்று பொருள். சுகத்தீவு! பெயரிட்டவர்கள் என்ன நினைத்தார்களோ, வரலாறு வேறொன்றை நினைத்துவிட்டது.

சிங்கப்பூரின் தெற்கே உள்ள அத்தீவில் 1960-ஆம் ஆண்டு தண்டனைக் குடியேற்றம் ஒன்று தொடங்கப்பட்டது. தேவன் நாயர் தலைமையில் சிறை விசாரணைக் குழு அமைந்து, சிறைச் சீர்திருத்தம் பெரிதும் பேசப்பட்ட காலம் அது. சாங்கிச் சிறை நிரம்பி வழிந்தது. இரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள், 1955-இல் இயற்றப்பட்ட குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்கீழ், விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர். அவர்களை மதிலற்ற தீவுக்குக் கொண்டுசென்று, உழைப்பால் திருத்தி, வேலையும் விடுதலையும் தருவது திட்டம். நோக்கம் உயர்ந்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. கண்காணிப்பாளராக அமர்ந்த டேனியல் டட்டன் என்பவர் அயர்லாந்துக்காரர், ஊக்கமே உருவானவர், உழைப்பு எத்தகைய மனிதனையும் மாற்றும் என்று உளமார நம்பியவர். காடாய்க் கிடந்த இடத்தில் சாலையும் குடியிருப்பும் தொழிற்கூடங்களும் எழுந்தன. காவலர் துப்பாக்கி ஏந்தவில்லை. பார்க்க வந்தவர்கள் வியந்து பாராட்டினர்.

1963-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தச்சர்கள் 13 பேர், படகுத்துறையில் இடப்பட்ட வேலையைச் செய்ய மறுத்தனர். டட்டன் அவர்களைச் சாங்கிச் சிறைக்குத் திருப்பி அனுப்பினார். சில நாள்களுக்குள், ஜூலை 12 அன்று தீவு பற்றி எரிந்தது. மண்வெட்டியும் கோடரியும் பாராங்கும் ஆயுதங்களாயின. மூன்று ஆண்டு உழைப்பில் எழுந்தவை ஒரு பிற்பகலில் சாம்பலாயின. டட்டன் கொல்லப்பட்டார், அவருடன் பணியாற்றிய அலுவலர்களும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் ஆறுமுகம் வீரசிங்கம். டட்டனின் பெயரை நூல்கள் பேசுகின்றன, நாடகமும் பேசியிருக்கிறது. வீரசிங்கத்தின் பெயரைத் தமிழ் வகுப்பில் எத்தனை பேர் கேட்டிருப்பர்? அவரைப் பற்றி ஒரு கதை உண்டா?

வழக்கு 1963 நவம்பரில் தொடங்கியது. 58 பேர் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டனர். 1964 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 18 பேருக்குத் தூக்கு. 18 பேருக்கு மூன்றாண்டுச் சிறை. 11 பேருக்கு ஈராண்டுச் சிறை. எஞ்சிய 11 பேர் விடுதலை. அந்த 18 பேரும் 1965 அக்டோபர் 29 அன்று தூக்கிலிடப்பட்டனர். தீவில் அந்தச் சோதனை மீண்டும் தொடரவில்லை. பின்னாளில் அது படையினரின் குண்டுப் பயிற்சிக் களமாயிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து வழக்கமாக இரண்டு பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. இரண்டும் பிழையானவை. "கொடியவர்க்குக் கருணை காட்டினால் இதுவே கதி" என்பது முதற்பாடம். "துப்பாக்கி இருந்திருந்தால் டட்டன் பிழைத்திருப்பார்" என்பது இரண்டாவது. துப்பாக்கிப் பாடத்தை எளிதில் தள்ளிவிடலாம். கைதிகளோடு நேரடியாகப் பழகும் காவலர், சிறப்பான சூழ்நிலையிலன்றி ஆயுதம் ஏந்தலாகாது என்பது 1955-இல் ஜெனீவா மாநாட்டில் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச விதிகளிலேயே உள்ளது. நூற்றுக்கணக்கானவர் நடுவில் சிலர் கையில் இருக்கும் துப்பாக்கி, எந்நேரமும் கைமாறக்கூடிய துப்பாக்கி. டட்டன் ஆயுதமின்றி நின்றது பிழையன்று.

கருணைப் பாடம் அதனினும் நுட்பமான பொய். புலாவ் செனாங்கில் நடந்தது கருணையின் ஆட்சி என்று எவர் சொன்னது? அங்கே நடந்தது ஒரு மனிதரின் ஆட்சி. அம்மனிதர் பெருந்தன்மையோடு இருந்தபோது தீவு பெருந்தன்மையாக இருந்தது. அவர் சினந்தபோது சினந்தது. தடுத்து வைக்கப்பட்டவனுக்குத் தண்டனைக் காலம் இன்னதென்று எழுதப்படவில்லை. எப்போது வெளியே போவான் என்பது அவனைக் கண்காணிப்பவர் அவனைப் பற்றிச் சொல்லும் சொல்லைப் பொறுத்திருந்தது. அந்நிலையில் 13 பேரைச் சாங்கிக்குத் திருப்பி அனுப்பியதைத் தண்டனையன்று, இடமாற்றமே என்று ஏட்டில் எழுதிவிடலாம். தீவின் வழியாகத்தான் விடுதலை வரும் என்று நம்பி மூன்று ஆண்டுகள் கல் சுமந்தவனிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, அதை விதிப்பவர் யார், கைதி தன் தரப்பைச் சொல்ல இடமுண்டா, மிகுதியான வேலைக்கு வரம்பு எது என்னும் கேள்விகளுக்கு விடை ஒரு தனிமனிதரின் மனநிலையாக இருக்குமிடத்தில், அம்மனிதர் எவ்வளவு நல்லவர் என்பது ஒரு பொருட்டே ஆகாது. இன்று அவர் பெரும் நம்பிக்கையோடு ஒன்றைத் தருவார். தருவதற்கு அவருக்கு விதி தேவைப்படவில்லை அல்லவா? நாளை அதைப் பறிப்பதற்கும் விதி தேவைப்படாது.

கொலைக்கு இது நியாயம் ஆகாது. மண்வெட்டியை ஓங்கியவர்களின் குற்றம் அவர்களுடையதே. ஆனால் கீழ்நிலை அலுவலரைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். ஆணையிட்டவர் அவர் இல்லை. தச்சர்களைத் திருப்பி அனுப்பியவர் அவர் இல்லை. தலைவரின் தன்னம்பிக்கைக்கு விலையைக் கொடுத்தவர் மட்டும் அவரே. "விதியைவிட மனிதம் பெரிது" என்று மேலே இருப்பவர் அருளும்போது, அதன் செலவுக் கணக்கு கீழே இருப்பவர் பெயரில் எழுதப்படுகிறது.

மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. விதி தளரும்போது சாவது காவலர் மட்டும் அல்லர். 2010 செப்டம்பர் 27 அன்று சாங்கிச் சிறைவளாகத்தில் 21 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் ஓர் அலுவலரைத் தாக்கியதைத் தொடர்ந்து பல அலுவலர்கள் சேர்ந்து அவரை அடக்கினர். குப்புறக் கிடத்தப்பட்ட நிலையில் அவர் மூச்சுத்திணறி இறந்தார். பொறுப்பில் இருந்த அதிகாரி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2013-இல் நீதிமன்றம் அவருக்கு 10,000 வெள்ளி அபராதம் விதித்தது. ஓர் உயிருக்கு அந்தத் தொகை ஈடாகுமா என்று அன்று பலர் கேட்டனர், கேட்டது முறையே. அதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு. குப்புறக் கிடக்கும் மனிதனின் மார்பு எழுந்து தாழ்கிறதா என்று பார்ப்பது எவருடைய வேலை? அதற்குப் பெருங்கருணை தேவையில்லை. அடக்கிய பின் புரட்டிப் படுக்க வை, முகத்தைப் பார், மூச்சைக் கவனி, மருத்துவரை அழை என்பவை உலர்ந்த வாசகங்களே. சண்டை முடிந்து கை நடுங்கி நிற்கும் அலுவலரிடம் அந்நேரத்தில் இரக்கத்தை எதிர்பார்த்தல் வீண். பழக்கத்தில் ஊறிய விதி ஒன்றுதான் அப்போது அவர் கையை நகர்த்த முடியும்.

"சிறை மனிதனை மிருகமாக்கும், விதி என்ன செய்யும்?" என்று கேட்போர், 1971-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையை எடுத்துக்காட்டுவர். மாணவர்களையே காவலராகவும் கைதிகளாகவும் பிரித்து இரு வாரம் நடத்தத் திட்டமிட்ட அச்சோதனை, காவலரின் கொடுமையால் ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. சீருடையை மாட்டினாலே கொடுமை தானாக முளைக்கும் என்பதற்கு நெடுங்காலம் இதுவே சான்றாகப் பாடநூல்களில் நின்றது. அண்மைக் காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்தோர் வேறொன்றைக் கண்டனர். காவலராக நடித்தவர்கள் கடுமையாக நடந்துகொள்ளுமாறு தூண்டப்பட்டிருந்தனர். எனவே கொடுமை தானாக முளைக்கவில்லை. மேலிருந்து வந்த எதிர்பார்ப்பு அதற்கு நீர் ஊற்றியது. எந்தக் கொடுமைக்கும் எல்லை வகுக்கும் ஏடு ஒன்று அவர்கள் கையில் இருந்து, அதை மீறினால் விளைவு உண்டென்றும் அறிந்திருந்தால், ஆறு நாள் கூட வேண்டியிருந்திராது.

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் எழுந்து, "விதியே கொடியதாக இருந்தால்?" என்று வினவலாம். நல்ல வினா. விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. குடியேற்ற ஆட்சி எழுதிய விதிகளில் மனிதத்தன்மையற்றவை பல இருந்தன. இன்றுள்ளவற்றிலும் வாதத்துக்குரியவை உண்டு. அதனால்தான் அவை எழுதப்பட்டிருப்பது நல்லது. எழுதிய விதியைப் படிக்கலாம், குறை சொல்லலாம், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பலாம், மாற்றலாம். 1955-ஆம் ஆண்டு விதிகள் 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையால் திருத்தப்பட்டு, 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைப் பெற்றன. பதினைந்து நாள்களுக்கு மேற்பட்ட தொடர்ந்த தனிமைச் சிறையை அவை தடை செய்கின்றன. தற்காப்பு, தப்பும் முயற்சி, முறையான ஆணைக்கு உடலால் எதிர்ப்பு என்பவற்றிலன்றி வலிமையைப் பயன்படுத்தலாகாது என்கின்றன. பயன்படுத்தினால் தேவைக்கு மேல் ஆகாது, உடனே தலைவர்க்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. காவலர்க்குப் போதிய ஊதியமும் பணிப்பாதுகாப்பும் வேண்டும் என்பதும் அதே ஏட்டில் உள்ளது. கைதியின் உரிமையும் காவலரின் உரிமையும் ஒரே ஏட்டில் இருப்பது தற்செயல் அன்று. மூத்தவரின் "தோள்தட்டு விதியை" எவர் திருத்துவது? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

விதியை அறிந்த காவலர் கீழ்ப்படிதல் மட்டுமே அறிந்தவர் என்று எண்ணுதலும் தவறு. "அவனுக்கு இரண்டு கொடு" என்று மேலதிகாரி கண்ணைக் காட்டும்போது, "ஐயா, இதற்கு விதியில் இடமில்லை" என்று சொல்லும் துணிவு அந்த ஏட்டை அறிந்தவர்க்குத்தான் வரும். இரக்கத்தை மட்டும் நம்புபவர் அவ்விடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பின்பு கைதியிடம் தனியே போய் ஒரு சிகரெட்டு நீட்டுவார். எது ஆண்மை?

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. வலிமையைப் பயன்படுத்திய காவலர் அன்றைக்கே எழுத வேண்டிய அறிக்கை, அவர் வாழ்நாளில் எழுதும் மிக முக்கியமான உரைநடை. மலேசியாவில் அது மலாயில் இருக்கும், சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் இருக்கும். மொழி எதுவாயினும் கண்டதைக் கண்டவாறு, முன்பின் மாறாமல், "அவன் வெறிபிடித்தவன்போல் பாய்ந்தான்" என்று அலங்கரிக்காமல், "வலக்கையால் என் கழுத்தைப் பிடித்தான்" என்று எழுதும் பழக்கம் பள்ளியில்தான் பிறக்கிறது. வகுப்பறையில் அறிக்கை எழுதுதல் கற்பனைக் கட்டுரைக்குத் தம்பியாகவே நடத்தப்படுகிறது. மதிப்பெண் வர்ணனைக்கு, உவமைக்கு, முடிவில் வரும் கண்ணீருக்கு. நிகழ்ந்த நேரம், நின்ற இடம், பார்த்தவர் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதிய மாணவன், "உயிரோட்டம் இல்லை" என்னும் குறிப்போடு தாளைத் திரும்பப் பெறுகிறான். நீதிமன்றத்தில் ஒரு கைதிக்கோ ஒரு காவலர்க்கோ நியாயம் கிடைப்பது அந்த உயிரோட்டமற்ற நான்கு வரிகளால்தான்.

எழுத்தாளர்க்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. வீரசிங்கம் போன்ற ஒருவர் அன்று காலை படகில் ஏறித் தீவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளட்டும். அவர் கொடியவரும் அல்லர், தெய்வமும் அல்லர். கையில் ஒரு தடியும் ஒரு பதிவேடும் இருக்கின்றன. அவருடைய தலைவர் பெரிய மனம் படைத்தவர். தலைவரை அவர் மதிக்கிறார். ஆயினும் வேலைக்குப் போன தச்சர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர் எத்தனை பேர், எந்தக் கோடரி தொழிற்கூடத்திற்குத் திரும்பவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. அவர் அதைத் தலைவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் "நீ இவர்களை நம்பவில்லையா?" என்று கேட்கப்படும் என்பதும் அவருக்குத் தெரியும். தமிழில் இந்தக் கதை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.